மறு ஆய்வு

ஜூலை. குர்லாவில் மூன்று நாளாக வெயில் இல்லை.
முஸ்தகீமின் ஷெட்டில் தகரக் கூரைக்குக் கீழே
இரண்டு வண்டிகள்.
எனக்கு இரண்டு படிவம், ஒரு குடை,
கைப்பையில் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து பிடுங்கிய காந்தம்.
அன்னாசிப்பழ வடிவம். மகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

பெயின்ட் மினுங்கும், விற்கிறவன் பேசுவான்.
உள்ளே தகரம் போய்ப் பட்டி மட்டும் இருந்தால்
அன்னாசி வழுக்கி விழும்.
என் சொந்த வண்டியின் இடது கதவில்
இரண்டு இடத்தில் விழுகிறது.
வாங்கிய பிறகுதான் வைத்துப் பார்த்தேன்.

முதல் வண்டி வெள்ளி நிறம், போன வருட மாடல்.
முன்பக்கம் என்று ஒன்று இல்லை.
மளிகைச் சீட்டைக் கசக்கி எறிந்த மாதிரி
பானெட், ரேடியேட்டர், இரு பக்கச் சட்டங்கள்
மடிப்பு மடிப்பாய்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மட்டும்
ஓர் அறை அப்படியே இருந்தது.
காற்றுப்பை தொங்கியது, துவைத்த தலையணை உறைபோல.
ஓட்டியவளுக்குப் பத்தொன்பது வயது.
காட்கோபர் மேம்பாலத்தடியில் தானே இறங்கி
ஒற்றைச் செருப்போடு நின்று
மற்றதைத் தேடித் தரச் சொல்லிப்
போலீஸ்காரரோடு சண்டை போட்டாளாம்.
முழு நஷ்டம் என்று எழுதினேன்.

அடுத்தது பாலாடை நிறப் பியட். எழுபத்தெட்டு.
கலீனாவின் பால்தசார் டிமெல்லோ
ஞாயிறு பூசை முடிந்து மெழுகு தேய்த்த வண்டி.
மழையில் டிவைடரை முட்டியது. வேகம் நாற்பதுதான் என்கிறார்கள்.
முஸ்தகீம் விரல் முட்டியால் தட்டினான். ணங் என்றது.
"லோஹா, மேடம். இப்ப எவன் போடறான் இப்படி?"
பக்கத்து வண்டியைத் தட்டினான்.
அட்டைப்பெட்டிச் சத்தம். சிரித்தான்.
பியட்டில் எங்கே வைத்தாலும் அன்னாசி ஒட்டியது,
பிரித்தெடுக்க நகம் வேண்டியிருந்தது.

பம்பர் ஒன்று. ஹெட்லைட் ஒன்று. கிரில்.
ஸ்டியரிங் கம்பி ஒரு சாண் பின்னால் வந்திருக்கிறது.
எல்லாம் சேர்த்து எட்டாயிரத்து நானூறு.
உடைந்தவற்றுக்குப் படிவத்தில் பதினெட்டுக் கட்டம்.
நெஞ்செலும்புக்குக் கட்டமில்லை,
அது வேறு இலாகா.

வந்த அடி எங்கேயாவது போயாக வேண்டும்.
வாசலிலேயே அதை மறித்து
சட்டை கிழிய மல்லுக்கட்டிக் களைக்க வைக்க
ஆள் இருக்கிற வீடு ஒன்று.
"உள்ளேதான் இருக்கார், போங்க" என்று
விறைப்பாக நின்று வழிவிட்ட வீடு ஒன்று.
இதை முஸ்தகீமிடம் என் அரைகுறை இந்தியில் சொன்னேன்.
தலையாட்டினான். பிறகு
மறுபடியும் பியட்டைத் தட்டினான், காதுக்காக.
எனக்கும் அந்தச் சத்தம் பிடித்திருந்தது.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் இருபத்தொன்று. மறு ஆய்வு.
வெள்ளி வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும்;
கிலோக் கணக்கில் எடுத்துப் போய்விட்டார்கள்.
பியட்டுக்குப் புது பம்பர், நேராக்கிய கம்பி,
மற்றதைவிட வெளிச்சமான ஒரு கண்.
தம்பி இக்னேஷியஸ் வந்திருந்தார்,
சட்டைக் கையில் இன்னும் கறுப்புத் துணி.
"பாத்தீங்களா மேடம், வண்டிக்கு ஒண்ணுமே ஆகலை."
ஆறுதலாகச் சொன்னார். எனக்கு.
பெல்ட் ஒன்று பொருத்திக்கொள்ளலாமே என்றேன்.
பதிலுக்குக் கதவைச் சாத்திக் காட்டினார்:
பீரோ மூடுகிற ஓசை.

கையெழுத்து. முத்திரை.
ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது.
அண்ணன் நெட்டையாக இருந்திருக்க வேண்டும்,
இவர் கால் பெடலுக்கு எட்டவில்லை.
குனிந்து, தாழை நெம்பி,
இருக்கையை முன்னுக்கு இழுத்தார்,
இன்னும் கொஞ்சம்,
இன்னும் கொஞ்சம்.